உள்ளங்கை அளவு ஒடுக்கு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. வண்டி வாங்கினவங்க, விற்றவங்க, இனிமே விற்கப் போறவங்க எல்லாருக்கும் ஆகிற கதை இது. சத்தமாச் சொன்னா இதுக்கும் ஒரு சீட்டு கேட்பாங்க.

எங்க தெருத் தச்சருக்கு முட்டி போயிற்று. இனி வண்டி ஓட்ட ஆகாது என்று பழைய வேனை மச்சினிச்சிக்கே விற்க முடிவு செய்தார். அவள் ரொட்டி சுட்டு விற்பவள். ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் ரொட்டி போடும் வேலை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மறுநாள் காலையில் வேன் இல்லாவிட்டால் அந்த வேலை வேறு அடுப்புக்குப் போய்விடும்.

மச்சினிச்சிக்குக் கொடுக்கிற வண்டி மூளியாக இருக்கலாமா? தச்சர் இடக் கதவில் கிடந்த பழைய ஒடுக்கைத் தகரக் கடையில் தட்டி நிமிர்த்திவிட்டார். கெட்டது காரியம்.

பேர் மாற்றப் போன வண்டி ஆபீசில் முத்திரை போடுகிறவரை ஊரே 'முத்திரை ஐயா' என்றுதான் சொல்லும். விற்பனைச் சீட்டில் விலை சரி, கையெழுத்து சரி, சாட்சியும் சரி. பழைய பதிவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேனை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கதவு நல்லா இருக்கே" என்றார் வருத்தத்தோடு.

"ஆமாங்க, நேத்துதான் நிமிர்த்தினேன்."

"பதிவுல 'இடக் கதவில் உள்ளங்கை அளவு ஒடுக்கு'ன்னு அடையாளம் போட்டிருக்கு. இதுல அது இல்ல. ஆகவே மேற்படி வண்டி, மேற்படி வண்டி அல்ல."

மேற்படி அல்லாத வண்டிக்குத் தச்சர் உரிமையாளர் அல்ல என்றும், உரிமையில்லாததை விற்பது குற்றம் என்றும், அசல் வேன் காணாமல் போனதற்கு உடனே புகார் கொடுப்பதே நல்ல குடிமகனுக்கு அழகு என்றும் பொறுமையாக விளக்கினார். தச்சர் அந்த வேனிலேயே சாய்ந்துகொண்டு, அதை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார். அது போலீஸ் இலாகா சம்பந்தப்பட்டதாம்.

ஐயா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர். ரொட்டிக்காரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் பூராவும் மாவு உருட்டுகிறவளுக்கு அளவு கண்ணிலேயே இருக்கும். "வாங்க அத்தான்" என்று வேனோடு அவரைத் தகரக் கடைக்கு இழுத்துப் போனாள்.

ஒடுக்கு எடுத்ததுக்குக் கூலி வாங்கின கையாலேயே, போடுறதுக்கும் வாங்கத் தகரக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஐயா குனிந்து பார்த்தார். "உள்ளங்கைன்னா யாரோட உள்ளங்கை? பதிவு பண்ணினவர் ரிடையர் ஆயிட்டார். அவர் கை இப்போ சர்க்கார் கை இல்ல."

"அப்போ இப்ப சர்க்கார் கை எதுங்கய்யா?" என்றாள் ரொட்டிக்காரி.

ஐயா தன் வலக் கையை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தார். மெதுவாக ஒடுக்கில் வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி பொருந்தியது. அதே கையால் முத்திரையும் விழுந்தது.

வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? இப்போது எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் நேராகத் தகரக் கடைக்குத்தான். ஒடுக்கில்லாத வண்டியில் வந்தவனைப் பார்த்தால், எங்கே திருடின வண்டியோ என்று சந்தேகப்படுகிறார்கள். மாப்பிள்ளை வண்டிக்கு இரட்டை ஒடுக்கு. கடைப் பலகையில் 'ஒடுக்கு எடுக்கப்படும்' போய், 'சர்க்கார் அளவில் போட்டுத் தரப்படும்' வந்துவிட்டது. என் சைக்கிளுக்குப் பதிவே கிடையாது. ஊரோடு ஒத்துப் போகணுமே என்று நானும் மட்கார்டில் ஒன்று போட்டுக்கொண்டேன்.

ரொட்டிக்காரி என்ன பண்ணினாள் தெரியுமா? வண்டி பேர் மாறின அன்று சாயங்காலமே கதவை மறுபடி நிமிர்த்திவிட்டாள். அப்புறம் கடைப் பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, அதே இடத்தில், அதே அளவில், நிழல் விழுகிற மாதிரி ஓர் ஒடுக்கை வரைந்து வாங்கிக்கொண்டாள்.