ஒற்றைக் குழிப் பெரும்போர்

"அண்ணே, செடியை விடுங்கண்ணே! அடுத்து சேல்ஸ்தான், எங்க டர்ன்!"

"விடமாட்டேன் தம்பி. நட்டு நட்டுப் பிடுங்க இதென்ன கொடிக்கம்பமா?"

வாழ்க! பூட்டிய அலமாரிகளின் வேந்தே, கையெழுத்தின்றி ஒரு திருகாணியும் ஈயாத கற்கோட்டை நெஞ்சே, ஸ்டோர் கீப்பர் எனும் பெரும்பெயர் பூண்ட பச்சை டீ-ஷர்ட்டுப் பெருந்தகையே, வாழ்க! அவர் ஒரு செடிக்காகச் சமர்புரிந்த கதை கேளீர்.

கம்பெனியின் சமூகப் பொறுப்புத் திருநாள் அது. சனிக்கிழமை லீவைத் திறையாகப் பறித்து, 'பூமியைக் காப்போம்' என்று எழுதிய டீ-ஷர்ட்டைக் கவசமாக மாட்டிவிட்டு, ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் கட்டாந்தரைக்கு எல்லாரையும் ஓட்டி வந்தார் ஹெச்.ஆர். மேடம். செடிகளோ வேன் நிறைய. குழியோ ஒன்றே ஒன்று. தரை பாறை மாதிரி இருக்க, வெட்ட வந்த ஆள் ஒண்ணோட கும்பிடு போட்டுட்டுப் போயிட்டாராம். அதனாலென்ன? ஒரு டிபார்ட்மென்ட் நடும், பல்லைக் காட்டும், போட்டோ எடுக்கும், பிடுங்கும். அடுத்த டிபார்ட்மென்ட் அதே செடியை அதே குழியில் நடும்.

ஸ்டோர் டிபார்ட்மென்டில் சேனையும் அவரே, சேனாதிபதியும் அவரே. "எல்லாம் போட்டோவுக்குத்தானே" என்று வேனில் மூக்கால் அழுதபடி வந்தவர்தான். ஆனால் தம் முறை வந்து, துவண்டு தொங்கிய அந்த வேரைக் கையில் ஏந்தி, மண்ணை அணைத்து, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணியையும் ஊற்றியதும், சினங்கொண்ட சிங்கமானார்.

"என் சனிக்கிழமை போச்சு! அதுக்கு ஈடா இந்த ஒரு செடியாவது பிழைச்சே ஆகணும்!" என்று எண்டிசையும் அதிர முழங்கினார்.

பொறுப்பாரா சேல்ஸ் தம்பி? டார்கெட் பல கண்ட தடந்தோளர், கூலிங் கிளாஸ் தரித்த கோமான், மண்வெட்டியை வேலென ஓங்கிப் பாய, நம் வீரர் மலை சரிந்தாற்போல் குழியோரம் பொத்தென உட்கார்ந்து, இரு முழங்காலையும் மதிலாக்கி, தொப்பையை அகழியாக்கி, மேடத்தின் "சார், ப்ளீஸ் சார்" எனும் அம்புமழையைக் காதில் வாங்காமல், புழுதி விண்ணை மறைக்க, புதுப் பேன்ட் தையல் விட்டுக் கதற, இம்மியும் அசையாது வீற்றிருந்தார்!

அந்நேரம் காரில் வந்திறங்கினார் எம்.டி.

போர்க்களம் உறைந்தது. சேறு பூசிய நம் நாயகரை அவர் மேலும் கீழும் பார்த்தார். கண் கலங்கினார்.

"பாருங்கய்யா, இதுதான் ஈடுபாடு! செடியை யாரும் தொடக் கூடாது. இனிமே இதுக்கு இவர்தான் பொறுப்பு. வாராவாரம் சனிக்கிழமை வந்து தண்ணி ஊத்துவார்!"

வெற்றி முரசாய்க் கைதட்டல் எழுந்தது. சேல்ஸ் தம்பிதான் பலமாகத் தட்டினார். வெற்றித் திருமகள் மாலை சூட, வீரர் செடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "சரிங்க சார்" என்றார்.

செடி இப்போ நல்லாத்தான் இருக்கு, உங்க ஆபீஸ்ல நட்ட செடிக்கு யாருங்க தண்ணி ஊத்தறாங்கன்னு கொஞ்சம் கீழே எழுதுங்க.