மாப்பிள்ளை வீட்டுக் குதிரைக்கு வைக்கோல் போட்ட விவரம்

நாகமலை புதுக்கோட்டை,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு,

மாமனார் சோணைமுத்து எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை ராக்கம்மாளும் முனியாண்டி புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். தாமரைச்செல்வி இருக்கிறாள். குதிரையும் இருக்கிறது. பெங்களூரில் உங்கள் உடம்பும், ஆபீஸும், பதினாலாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லிப் பார்த்துவிட்டேன். "மாப்ள, ஒரு விசயம்" என்று நான் வாயெடுத்ததும், "மாமா, கேமராவைக் கொஞ்சம் குதிரைப் பக்கம் திருப்புங்க" என்கிறீர்கள். எழுதி அனுப்பினால் கட்டைவிரல் படம் வருகிறது. கடிதத்துக்குக் கட்டைவிரலைக் காட்ட முடியாது, படித்துத்தான் தீர வேண்டும். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பதில் சொல்லாமல் முன் வாசல் வழியாக இறங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் நீங்கள் வாங்கிய குதிரையையும், அதைப் பார்த்துக்கொள்ள "ஒரு மாசம் மட்டும்" என்று கூடவே அனுப்பிய உங்கள் மனைவியையும் நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும். ஆடி போய்க் கார்த்திகை வந்துவிட்டது. குதிரை ஏன் இளைத்தது என்று கேட்கிற ஊர், அதே மூச்சில் "தாமரை எப்பப் போகுது" என்றும் கேட்கிறது. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை விவரமாக எழுதுகிறேன். இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தையில் உங்கள் தம்பி கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்வரை குதிரையில் வந்து இறங்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஊர் உலகத்தில் அப்படி ஆசைப்பட்டவர்கள் அன்றைக்கு மட்டும் ஒரு குதிரையை வாடகைக்குப் பிடிப்பார்கள். நீங்கள் குதிரையையே வாங்கினீர்கள். வாங்கிய பிறகுதான் உங்கள் அடுக்குமாடியில் நாய்க்கே அனுமதி இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது, மாமனார் வீட்டுத் தோட்டமும் நினைவுக்கு வந்திருக்கிறது. மினி லாரி தெருவில் நுழைந்ததும் உங்கள் அத்தை ஆரத்தித் தட்டோடு ஓடினாள். ஆரத்தி குதிரைக்கு. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய தாமரை, இரண்டு பெட்டிகளையும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நானாவது போய் வாங்கியிருக்கலாம். கையில் குதிரையின் கயிறு இருந்தது.

அன்று சாயங்காலம் படப்பிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை உருவிக்கொண்டு வந்தேன். உங்கள் அத்தை குறுக்கே வந்து நின்றுவிட்டாள். "ஏங்க, புத்தி கித்தி இருக்கா? மாப்ள வீட்டுக் குதிரைக்கு வைக்கோலா போடுவாக? நாளைக்குச் சம்பந்தியம்மா காதுக்குப் போச்சுன்னா, எம் மகனுக்கும் தட்டுல வைக்கோலத்தான் வச்சீகளான்னு கேப்பாகல்ல" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வைக்கோல் மாட்டுக்குப் போனது. குதிரைக்கு ஊறவைத்த கொண்டைக்கடலை, அவித்த கொள்ளு, மேலே வெல்லம். மறுநாள் முந்திரி போட்டு வெண்பொங்கல். அதற்கு மறுநாள் பருத்திப்பால். வாளிக்குள் மூக்கை விட்டு ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு, துடைத்துவிடு என்பதுபோல முகத்தை நீட்டியது. வளர்ப்பு என்றால் இதுவல்லவா வளர்ப்பு என்று தெருவே மெச்சியது.

அப்புறம் பங்காளிகள் வந்தார்கள். புது மாப்பிள்ளைக்கு வீடு வீடாக முறை வைத்து விருந்து போடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாளே லீவு இல்லை என்று நீங்கள் கிளம்பிவிட்டதால் யாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லாமல் போயிற்று. அந்தக் குறை அவரவர் மனசில் கிடந்திருக்கிறது. குதிரை வந்ததும் தீர்த்துக்கொண்டார்கள். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று கூட்டிப் போய், வாசலில் நிறுத்தி, தலைவாழை இலை போட்டு, அதிரசமும் கேசரியுமாக வைத்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உபசரித்தார்கள். குதிரைக்குக் கறிவிருந்து வைக்க முடியாது என்று தெரிந்ததும் மலைச்சாமி அண்ணனுக்கு முகமே சுண்டிவிட்டது. "கொழம்ப மட்டுமாச்சும் ஊத்திப் பாப்பமாப்பா" என்று கேட்டார். நான்தான் தடுத்தேன். குதிரை எல்லா வீட்டிலும் இலையையும் சேர்த்துத் தின்றது. இலைக்காகத்தான் அது விருந்துக்கே வந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பார்கள். இது மூன்று வாரம் நடந்தது. அதற்குப் பிறகு குதிரை இலையைக் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று சொல்லிவைத்த புண்ணியவான் இதைப் பார்த்திருந்தால் சொன்னதை வாபஸ் வாங்கியிருப்பான். இது கொள்ளுக்கும் மூடியது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் அரைகுறையாக மென்று உருண்டை உருண்டையாக வெளியே துப்பியது. உங்கள் அத்தை உப்புக் கம்மியாக இருக்கும் என்று இன்னொரு தரம் தாளித்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் இருமிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கையில், "பாத்தீகளா, நெடியே வரல. எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு" என்றாள்.

நீங்களும் சும்மா இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அங்கிருந்தபடியே வைத்தியம் பார்த்தீர்கள். ஆப்பிள் வினிகர் கொடுக்கச் சொன்னீர்கள். நாகமலை புதுக்கோட்டையில் ஆப்பிளே வாடிப்போய்த்தான் வருகிறது. ஜிம்முக்குப் போகிற உங்கள் நண்பர் ஒருவர் வீடியோவில் வந்து குதிரையின் எடை கேட்டார். ரேஷன் கடைத் தராசில் ஏற மாட்டேன் என்கிறது என்றேன். "டிப்ரஷனா இருக்கும் மாமா, பாட்டுப் போடுங்க" என்றீர்கள். போட்டேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் கூடச் சேர்ந்து பாடியது. கூரியரில் ஒரு சத்துமாவு டப்பா அனுப்பினீர்கள். குதிரை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டது, டப்பா முழுக்க என் சட்டைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டையை நக்கிய வெள்ளாடு நன்றாகக் கொழுத்திருக்கிறது, உங்கள் நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் டி. கல்லுப்பட்டியிலிருந்து உங்கள் அம்மா வந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போய், குதிரையின் விலாவைத் தடவி, "எம் மகன் ஆசையா வாங்குன சீவன இப்படி உருக்கி வச்சிருக்கீகளே சம்பந்தி" என்று கண் கலங்கினார்கள். தாமரை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செம்பை நீட்டிய கையில் வளையல் முழங்கைவரை சரிந்தது. "நீ நல்லாத்தானத்தா இருக்க" என்று சொல்லித் தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். உங்கள் அத்தை வாயைத் திறந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. கிளம்பும்போது உங்கள் அம்மா, "கார்த்திகைக்குள்ள தேறலைன்னா நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார்கள். யாரை என்று உங்கள் அத்தை கேட்டாள். "குதிரையத்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள்.

மறுநாள் தாமரை யாரையும் கேட்காமல் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். முத்துச்செல்வி என்று ஒரு அம்மா, வயசு தாமரை வயசுதான் இருக்கும். குதிரை வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல்லின் ஓரமெல்லாம் கூராக வளர்ந்து கன்னத்தை உள்ளுக்குள்ளே அறுத்திருக்கிறது. மெல்லும்போதெல்லாம் வலி, அதனால்தான் அந்தத் துப்பல். ஊசி போட்டு மயக்கி, நீளமான அரத்தால் பல்லை ராவிவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசிவிட்டது. பிறகு என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உங்கள் அத்தை தலையை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதிரசத்துக்கு வந்தபோது டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்கள்.

"புல்லு?"

"புல்லா?"

"வைக்கோல், சோளத்தட்டை, எதாச்சும்?"

"மாப்ள வீட்டுக் குதிரைங்க டாக்டர்" என்றாள் உங்கள் அத்தை.

"அது குதிரைக்குத் தெரியாதும்மா" என்றார்கள்.

குதிரையின் வயிறு நாள் பூராவும் புல்லையும் தட்டையையும் மென்றுகொண்டே இருப்பதற்காக அமைந்ததாம். அதை நிறுத்திவிட்டுக் கடலையும் வெல்லமும் கொட்டினால் வயிறு புளித்துப் புண்ணாகுமாம், புண்ணான வயிற்றுக்கு எந்த விருந்தும் வேம்புதானாம். காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும், தொட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது, பச்சைப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், கொள்ளெல்லாம் வயிறு ஆறிய பிறகு கைப்பிடி கைப்பிடியாகத்தான். புண்ணுக்கும் பூச்சிக்கும் மருந்து கொடுத்தார்கள். போகிறபோது ஒன்று சொன்னார்கள்: "தனியா நிக்குது பாருங்க. இது கூட்டத்தோட இருக்கற சீவன். தனியாக் கொண்டாந்து கட்டிப்போட்டா தீனி எறங்காது. பக்கத்துல ஒரு தொணை வேணும்." உங்கள் அத்தை அப்போது குதிரையைப் பார்க்கவில்லை, தாமரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், மாப்பிள்ளை. தட்டில் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகிற பிள்ளையைக் கவனிக்காமல் நாங்கள் குதிரைக்குப் பொங்கல் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்றிலிருந்து தாமரைதான் எல்லாம். வெள்ளாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினாள். வரப்பில் புல் அறுத்து வருகிறாள், வைக்கோலை உதறித் தூசி தட்டித் தண்ணீர் தெளித்துப் போடுகிறாள், பங்காளிகள் யாராவது கிண்ணத்தோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறாள். காலையில் மலையடிவாரம்வரை நடத்திப் போகிறாள். குதிரை துப்புவதை நிறுத்தியது, விலா மூட ஆரம்பித்துவிட்டது. அவளும் தட்டை அங்கேயே கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முந்தாநாள் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாளாம், உங்கள் அத்தை அடுப்படியில் அழுதுகொண்டே ஊற்றியிருக்கிறாள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். உங்கள் குதிரை ஒரு குழியும் பறிக்கவில்லை. நேற்று வீடியோவில் வந்து, "என்ன மாமா, என் குதிரைக்குப் போய் வைக்கோல் போட்டிருக்கீங்க, அம்மா கேட்டா என்ன சொல்றது" என்று கேட்டீர்களே, அந்தக் குழியைத்தான் சொல்கிறேன். பின்னாலேயே தாமரை புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "யாரது, கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க, குதிரையை மறைக்குது" என்றீர்கள்.

ஆகவே மாப்பிள்ளை, கோபமாக எழுதியதாக நினைக்க வேண்டாம். கோபமாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் நினைக்க வேண்டாம். கார்த்திகை முடிவதற்குள் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்து, குதிரையையும் தாமரையையும் கூட்டிப் போகவும். குதிரையை உங்கள் அம்மா வீட்டில் விட்டுக்கொள்ளலாம், தாமரையை உங்களோடு வைத்துக்கொள்ளவும். மாறிவிடக் கூடாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு நாங்கள், ஊர் வாயை எத்தனை நாளைக்குத்தான் மூட முடியும்.

உங்கள் அம்மாவுக்கு எங்கள் வணக்கம், தம்பிக்கு எங்கள் ஆசி. நீங்கள் எல்லாச் செல்வமும் பெற்று, பதவி உயர்ந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்
சோணைமுத்து

பின்குறிப்பு: ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போன நேரத்தில் தாமரை இதை எடுத்துப் படித்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "குதிரை எங்கயும் வராதுப்பா. இப்பத்தான் ஒழுங்காத் திங்குது. எடத்த மாத்துனா மறுபடியும் நின்னுரும்" என்றாள். சரி, குதிரை இருக்கட்டும், நீ எப்போது போகிறாய் என்று கேட்டேன். "எனக்கும் இங்கதானப்பா சோறு எறங்குது" என்றாள். நானும் உங்கள் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே மேலே கண்டவற்றை எல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வண்டி பிடிக்க வேண்டாம். தம்பி கல்யாணத்துக்கு வேறு குதிரை பார்த்துக்கொள்ளவும். ஊர் கேட்டால் இனி நானே பதில் சொல்லிக்கொள்வேன். நீங்கள் வருவதானால் ராத்திரி பஸ் ஏறினால் விடியக்காலையில் மதுரை மாட்டுத்தாவணி வந்துவிடலாம், அங்கிருந்து நம் ஊருக்கு டவுன் பஸ் இருக்கிறது. உங்களைக் கண்டதும் குதிரை பக்கத்தில் வந்து நிற்கும், அதற்கு ஞாபகசக்தி கம்மி. தாமரைக்கு அப்படி இல்லை. அதனால் நாலு நாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.