மூன்றாவது மேஜையில் டைசன்

டங்... டங்... டமடமடம!

கீழ்க்கட்டளையில் மின்சார மேளம் இடிக்கத் தொடங்கியதும் தெருவில் படுத்திருந்த மாடுகூட எழுந்து நின்றது. மைச்சித்தர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

வரிசை தெருமுனை தாண்டிப் போயிருந்தது. அதைத் தாண்ட முடியாமல் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து ஓய்ந்து, டிரைவர் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பிள்ளை வரம் கேட்பவர் யாரும் இல்லை. எல்லார் கையிலும் ஃபைல். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர்கள், மனநல மையம் நடத்துகிறவர்கள், குடியை மறக்கடிக்கும் இல்லம் நடத்துகிறவர்கள். அரசாங்க மானியத்துக்கு மனு போட்டுவிட்டு, அது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்கள். சித்தருக்குத் தெரியும். வெற்றிலையில் மை தடவி உற்றுப் பார்த்தால் போதும். மனு எத்தனையாவது மேஜையில் நிற்கிறது, அதற்கு என்ன தோஷம் என்று சொல்லிவிடுவார். தீராத வியாதி தீர்க்கும் சாமியார்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. தீராத ஃபைல் தீர்ப்பவர் தாம்பரம் வட்டாரத்துக்கே இவர் ஒருவர்தான். தட்டில் விழும் நோட்டை அவர் கையால் தொடமாட்டார். அவருடைய மச்சான் தொடுவார்.

ராஜாராமன் விடியும் முன்பே வந்து இடம் பிடித்திருந்தார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர் நடத்தும் பகல் மையத்தில் முப்பத்தெட்டுப் பேர். மனநோயிலிருந்து தேறுகிறவர்கள், கை கால் வராதவர்கள், குடியை விட்டவர்கள். இன்று மாலை ஐந்து மணிக்குக் குறையில்லாமல் இருக்கும் மனுக்களுக்குத்தான் மானியம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மையத்துக்குப் பூட்டு. முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் வீட்டு மூலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

போன மாதமே சித்தர் மை பார்த்து, மனுவுக்கு அக்னி தோஷம் என்று கண்டுபிடித்திருந்தார். பரிகாரம் மூன்று. மையத்தில் ஒரு ஹோமம். தீ சம்பந்தப்பட்ட எந்தக் காகிதம் இருந்தாலும் மனுவோடு சேர்க்காமல் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைப்பது. மனு நம்பரை நாற்பத்தெட்டு நாள் வேறு யாருக்கும் சொல்லாமல் இருப்பது. மூன்றையும் ராஜாராமன் சிரத்தையாகச் செய்தார். ஹோமப் புகையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தவர்கள் திட்டிய திட்டு ஏரி முழுக்கக் கேட்டது. ராஜாராமன் கலங்கவில்லை. அக்னி பகவானே சிவப்பு வண்டியில் வந்து போனார் என்று எல்லாரிடமும் சொன்னார்.

இன்று அவரை வேனில் கூட்டி வந்தவர் தனசிங். குடி நோயாளியாக மையத்துக்கு வந்தவர். விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது மையத்துக்கே டிரைவர். குடிக்கிற காலத்தில் வீட்டார் இழுத்துப்போய் அவர் கையில் ஏழு கோயிலில் கயிறு கட்டினார்கள். கடைசியில் குடியை நிறுத்தியது மையத்தில் ஆலோசனை சொல்லும் ஹேமாவதியின் ஓயாத பேச்சும் மாத்திரையும்தான். கயிறு கட்டிய ஏழு பேரையும் ஒரு தடவை வேனில் ஏற்றி வந்து மையத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ராஜாராமன் மனு நம்பரைச் சீட்டில் எழுதி மடித்து, வாசல் மேஜையில் கொடுக்கச் சொன்னார். தனசிங் பவ்யமாக வாங்கினார். போகிற வழியில் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு சீட்டு ஒன்றைக் கொடுத்தார். மேஜையில் இருந்த மச்சான் ஷ்யாம்சுந்தர் அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். அங்கேதான் டோக்கன் போடும் கம்ப்யூட்டர் இருப்பதாகச் சொல்வார்கள்.

உள்ளே சித்தர் காதுவரை மூடிய காவித் தலைப்பாகையோடு வெற்றிலையை உற்றுப் பார்த்தார். கண்ணை மூடினார். காத்திருந்தார். அருள் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

“மூன்றாவது மேஜை” என்றார். “நகரவில்லை மகனே. இப்போது வந்திருப்பது பைரவர் தோஷம்.”

அக்னி தோஷம் போய் பைரவர் தோஷமா? ராஜாராமனுக்கு வியர்த்தது. வரிசையில் அடுத்து நின்ற மேடவாக்கம் காமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தனசிங் கைகட்டி நின்றார். “சாமி, மனு யார் பேர்ல கீதுன்னு தெரியுதா?”

“தெரிகிறது. டைசன்.”

ராஜாராமன் முப்பத்தெட்டு முகங்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். டைசன் யாரும் தட்டுப்படவில்லை. சித்தருக்கோ அருள் பொங்கிவிட்டது. நிறுத்தவில்லை.

“ஆண். வயது நாலு. நிறம் பழுப்பு. இடது காதில் வெட்டு. வால் நுனியில் வெள்ளை...”

“வாலா?” என்றாள் காமு.

“எங்க வூட்டு நாய் சாமி அது” என்றார் தனசிங். “லைசென்ஸுக்கு மனு போட்டுகினு கீறேன். தடுப்பூசி சீட்டு சேக்கலன்னு நிறுத்தி வெச்சிகிறாங்க. அத்த அப்படியே சொல்றத வுட்டுட்டு பைரவர இன்னாத்துக்கு இஸ்துகினு வர்ற?”

சொல்லிக்கொண்டே சித்தரின் தலைப்பாகையைக் காதுக்கு மேலே தூக்கினார். காதில் ஒரு குட்டி இயர்போன். கூட்டம் திரையைப் பிய்த்தது. பின்னால் ஷ்யாம்சுந்தர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் மசால்வடையுமாக உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில், எந்த மனுவாக இருந்தாலும் நம்பரைப் போட்டால் நிலவரம் சொல்லும் அரசாங்கப் பக்கம். அதில் டைசனின் போட்டோ, நாக்கைத் தொங்கப் போட்டபடி.

அப்போதும் பின்வரிசையில் ஒருவர் உருகினார். நாயோட மனுவையே இவ்வளவு துல்லியமாகச் சொன்னவர் மனுஷன் மனுவைச் சொல்லமாட்டாரா என்றார். அவரை யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை.

ராஜாராமன் அதே கம்ப்யூட்டரில் தன் நம்பரைத் தட்டினார். தமிழில், கொட்டை எழுத்தில் வந்தது: ‘தீயணைப்புத் துறைச் சான்று இணைக்கப்படவில்லை. இணைக்கக் கடைசி நேரம், இன்று மாலை ஐந்து மணி.’

இதுதான் அக்னி தோஷம். அந்தச் சான்று எங்கே? நாலு வாரமாக அவர் வீட்டுச் சமையலறையில், பிளாஸ்டிக் உறைக்குள், தண்ணீர்க் குடத்துக்கு அடியில்.

ஹேமாவதிக்குப் போன் போட்டார். நாற்பத்தெட்டு நாள் காக்க வேண்டிய நம்பரை முப்பதாம் நாளே சொன்னார். முதல் நாளே தன்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவள் திட்டினாள். அவர் வீட்டுக்கு ஓடி, குடத்தை நகர்த்தி, சான்றைப் படம் பிடித்து ஏற்றிவிட்டாள். கால் மணி நேரத்தில் பக்கம் மாறியது. குறை நீங்கியது, நான்காவது மேஜை.

ராஜாராமன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். சித்தர் அதற்குள் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை போனதும் காமுவுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. மேடவாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தயாளன்.

“இந்தப் பக்கத்தை நீங்க எப்படிப்பா திறந்தீங்க?” என்று ராஜாராமன் ஷ்யாம்சுந்தரிடம் கேட்டார். “ஆபீஸ்ல ஆள் இருக்கா?”

ஷ்யாம்சுந்தர் மிச்ச வடையைக் கீழே வைத்தார்.

“ஆளெல்லாம் எதுக்கு சார்? இது யார் போன்லயும் வரும். வரிசையில நிக்கிற அத்தனை பேர் கையிலயும் போன் இருக்கு, நம்பரும் இருக்கு. ஒருத்தராவது போட்டுப் பார்த்திருந்தா, நாங்க கடையே திறந்திருக்க மாட்டோம்.”