ஒரு சொட்டும் சிந்தாத படகு

1987இல் எங்கள் காட்டுப்பாக்கத்து ஏரியில் ஆகாயத்தாமரையை வாரி அகற்ற அரசாங்கப் படகு ஒன்று இருந்தது. சின்ன டீசல் படகு. ஓட்டியவர் கஜபதி. கரையில் கட்டிப்போட்டு, புனல் வைத்து, டேங்க் வாயைச் சுற்றிப் பழந்துணி சுற்றி டீசல் ஊற்றுவார். டேங்க் நிரம்ப இரண்டு விரல் இருக்கும்போதே நிறுத்திவிடுவார்.

புதிதாக வந்த பொறியாளர் ஜம்புலிங்கம் ஒருநாள் தண்ணீரில் உள்ளங்கையகலம் எண்ணெய் மினுங்கக் கண்டார். மறுநாளே ஆணை பிறந்தது: ‘நீர்நிலையின் தூய்மையை முன்னிட்டு, மேற்படி படகானது பெட்ரோல் பங்க்குக்கே சென்று, முழுக் கொள்ளளவும் நிரப்பிக்கொள்ள வேண்டியது.’

"படகு ரோட்டுல எப்டி சார் போவும்?" என்றார் கஜபதி.

"லாரியில் போகும். ஆணையில் லாரிக்குத் தடையில்லை."

லாரியில் ஏறிச் சென்னீர்குப்பம் பங்க்குக்குப் போனது படகு. பங்க்கில் ஜீப்போடு நின்ற ஜம்புலிங்கத்திடம் கஜபதி கெஞ்சினார்: "சார், ரெண்டு வெரல் கொறச்சு ஊத்தச் சொல்லுங்க. மூடி வேற லூசா கீது. ரோட்டுல குலுங்குனா வெளிய வந்துரும்."

"முழுக் கொள்ளளவு என்றால் முழுக் கொள்ளளவு. விரலுக்கெல்லாம் விதியில் இடமில்லை."

விளிம்புவரை நாற்பது லிட்டர் ஊற்றினார்கள். ஜம்புலிங்கம் ஜீப்பில் முன்னே போய்விட்டார். குமணன்சாவடிப் பள்ளத்தில் லாரி இறங்கியது, படகு சாய்ந்தது, மூடி கழன்றது. லாரியின் பின்பக்கமாக டீசல் ஒழுக ஆரம்பித்தது. சாமி ஊர்வலத்துக்குப் போவதுபோல் ஊரே பின்னால் ஓடியது, குடமும் போணியுமாக. முன்னால் உட்கார்ந்திருந்த கஜபதி, ஏரிக்கரையில் இறங்கிய பிறகுதான் பார்த்தார். டேங்க்கில் இருபத்தெட்டு லிட்டர்தான் இருந்தது.

விசாரணை நடந்தது.

"ரோட்டுல ஊத்திக்கிச்சு சார். ஊரே பாத்துது," என்றார் கஜபதி. இட்லிக்கடை லோகநாயகியிடம் திரும்பினார். "இன்னாக்கா, நீயே போணில புடிச்சியாமே, சொல்லேன்!"

அரசாங்க டீசலைப் பிடித்தது திருட்டு என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"டீசலா? நா கண்ணாலயே பாக்கல நைனா," என்றாள் லோகநாயகி. கஜபதியின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தீர்ப்பு எழுதப்பட்டது: ‘ஏரியிலோ சாலையிலோ ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது. ஆகவே பன்னிரண்டு லிட்டரையும் கஜபதியே திருடியிருத்தல் வேண்டும்.’ அவருக்கு வேலை போயிற்று. சிந்தாமல் காத்த ஜம்புலிங்கத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

சாட்சிகளில் கடைசி ஆள் நான். ‘எதையும் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருமுன் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தும் கையில் டீசல் வாடை போகவில்லை. விசாரணை அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடுத்து யாராவது உண்டா?" என்றார்.