மாவுத் தொட்டியில் பெரியவர்

பெரியவர் பதினோராவது தடவையாக மாவுத் தொட்டிக்குள் விழுந்தபோது, எடிட்டர் படத்தை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ரொட்டிக் கடையில் நடக்கும் காமெடிப் படம். கதை எப்படியோ, ஆட்கள் பெரிய ஆட்கள். நாற்பது வருஷமாக ஊர் ஊராக ஜனங்களை அழவைத்த பெரியவர். மேடையில் அரசி வேஷமே போட்டுப் போட்டு ராணியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்ட நடிகை. ஒரு அதட்டலில் தியேட்டரையே நிமிர்ந்து உட்காரவைக்கும் வெண்கலக் குரல் வில்லன். இந்தப் படத்தில் பெரியவருக்கு விழுகிற வேலை. ராணியம்மாவுக்கு அதைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. வில்லனுக்கு வசனமே கிடையாது, ஏப்பம்தான்.

எடிட்டர் இந்தத் தொழிலுக்கு வந்ததே பெரியவரால்தான். பள்ளிக்கூட வயதில் அவர் நடித்த ஒரு படம் பார்த்தாள். கோர்ட் கூண்டில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சட்டைப் பொத்தானைத் திருகியபடியே அழுவார். அந்த அழுகை எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்று பார்ப்பதற்காகவே ஆறு தடவை போனாள். அதே மனிதரின் இரண்டு கால்கள் மட்டும் இப்போது திரையில் தொட்டிக்கு மேலே நின்றன.

டைரக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், விழறது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே."

"அதுதானே மேடம் படமே."

"ஒண்ணு ரெண்டு குறைச்சுக்கட்டுமா?"

"குறைச்சுக்குங்க. நான் போஸ்டர் விஷயமா அலைஞ்சிட்டிருக்கேன். அத்தான் வேற உயிரை எடுக்கறார்."

அத்தான் என்றால் தயாரிப்பாளர். அக்கா புருஷன் போட்ட காசில் எடுக்கிற முதல் படம் என்பதால் டைரக்டருக்கு எதையும் யோசிக்க நேரமில்லை.

ஒன்று இரண்டு என்று கேட்டவள், கை வைத்ததும் நிறுத்த முடியாமல் பதினொன்றையும் எடுத்துவிட்டாள். மனசு லேசானது. போட்டுப் பார்த்தாள். தொட்டியில் விழாத பெரியவர் தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக வந்து நின்றார். சாம்பல் பூசிக்கொண்டு வந்தவர் போலிருந்தது.

மாவோடு வருகிற காட்சிகளையும் எடுத்தாள். இப்போது பெரியவர் படத்தில் மொத்தம் ஏழு நிமிஷம்தான் வந்தார். அவர் வருகிற வாசலைப் பார்த்து ராணியம்மா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாசலில் யாருமில்லை. அந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதையும் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஷாட் ஆரம்பிப்பதற்கு முன்னால் காமிரா ஓடிக்கொண்டிருந்த துண்டுகளைத் தேடினாள். ஒன்றில் ராணியம்மா, லைட் போடுகிறவர்களுக்காகக் காத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் என்னென்னவோ இருந்தது. சிரிப்பை எடுத்துவிட்டு அதை வைத்தாள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள்.

அப்படியொரு முகத்துக்குப் பின்னால் ஏப்பம் வரலாமா? பக்கத்து அறையிலிருந்த சவுண்ட் என்ஜினியரைக் கூப்பிட்டாள்.

"இந்த ஏப்பத்தையெல்லாம் எடுத்துடுங்க."

"எடுத்தா அவர் சும்மா வாயைத் திறந்து மூடுவாரே மேடம்."

"பரவாயில்லை. ஊமைன்னு நினைச்சுப்பாங்க."

"காமெடிப் படத்துல எதுக்கு ஊமை?"

"அடியில ஒரு வயலின் விட்டுப் பாருங்களேன்."

அவர் விட்டுப் பார்த்தார். வெண்கலக் குரல்காரர் வாயைத் திறந்தார், வயலின் அழுதது, ராணியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எங்கம்மாவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனார்.

இரண்டு மணி நேரப் படம் ஒரு மணி ஐந்து நிமிஷமாகிவிட்டிருந்தது. நாளைக்கு டைரக்டரிடம் பதமாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று எடிட்டர் வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வந்தபோது பிரிவியூ அறை வாசலில் செருப்புகள் கிடந்தன. முந்தின நாள் சாயங்காலமே டைரக்டர் சவுண்ட் என்ஜினியருக்குப் போன் செய்து, கடைசியாக இருப்பதை அப்படியே போடச் சொல்லியிருந்தார். உள்ளே டைரக்டர், தயாரிப்பாளர், படத்தை வாங்க வந்திருக்கும் இரண்டு பேர், ராணியம்மா, முன்வரிசையில் பெரியவரும் அவர் மனைவியும். விளக்கு அணைந்துவிட்டது. எடிட்டர் பின்சுவரோடு சுவராக நின்றாள்.

முதல் பத்து நிமிஷம் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவது நிமிஷத்தில் வாங்க வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். நாற்பதாவது நிமிஷத்தில் அது இன்னொருவர் கைக்குப் போயிருந்தது. ராணியம்மா மட்டும், "இதை நான் எப்ப நடிச்சேன்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

விளக்கு வந்தது. தயாரிப்பாளர் மெதுவாகத் திரும்பினார்.

"மாப்ள, காமெடிப் படம்னுதானே சொன்னே?"

"ஆமா அத்தான்."

"யாரு செத்துப்போனது?"

"தெரியலை அத்தான். நான் எடுக்கும்போது எல்லாரும் உயிரோடதான் இருந்தாங்க."

வாங்க வந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, படம் நன்றாக இருக்கிறது, தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தயாரிப்பாளர் எடிட்டரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு விழுதலும் ஒவ்வொரு ஏப்பமும் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேறு எடிட்டர் வருவார் என்று மட்டும் சொன்னார்.

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரியவர் எழுந்து வெளியே போனதுதான் மனசில் நின்றது. பின்னாலேயே ஓடினாள். நடையில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், காலியான டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. மனைவி கைப்பையோடு பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் எடிட்டர். "உங்களை அந்தத் தொட்டியில விழவிட எனக்கு மனசு வரலை. நான் இந்த வேலைக்கு வந்ததே உங்களைப் பார்த்துத்தான்."

"சரிம்மா."

"நீங்க எவ்வளவு பெரிய நடிகர். யாரோ ஒரு ஞானசூனியம் உட்கார்ந்து எழுதின கதைக்காக உங்களைப் போய் இப்படி..."

பெரியவர் டம்ளரைக் குழாய் மேல் கவிழ்த்து வைத்தார். சட்டைப் பொத்தானை ஒரு தடவை திருகினார்.

"நல்லாத்தான் வெட்டியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவர் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்த மனைவி, எடிட்டரின் தோளில் கை வைத்தாள்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா" என்றாள். "அந்த ஞானசூனியம் வீட்லயும் இப்படித்தான், தான் எழுதினதை யாராவது குறை சொல்லிட்டா ரெண்டு நாளைக்கு முகம் கொடுத்துப் பேசாது."