அஸ்பெக்கின் வயிற்றுக் கிருமிகள்

மோமுன்பெக்கின் ரத்தச் சர்க்கரை மில்லிமோல் கணக்கில் ஏழுக்குள் இருக்க வேண்டும், பதினொன்றில் நின்றது. தலாஸ் நீர்ப்பாசன அலுவலகத்தில் எதிர் மேசைக்காரன் அஸ்பெக்குக்கோ எப்போது விரலில் குத்திப் பார்த்தாலும் ஐந்துதான். இத்தனைக்கும் இருவர் சட்டைப் பையிலும் ஒரே மாத்திரை டப்பா.

"அடுத்த மாசமும் இறங்கலேன்னா இன்சுலின் ஊசிதான்" என்றார் டாக்டர் புருல்.

மோமுன்பெக்குக்கு வியர்த்துவிட்டது. "அதே மாத்திரை அவனுக்கு மட்டும் கேக்குதே, டாக்டரம்மா?"

"ஆளுக்கு ஆள் மாறும். குடல்ல இருக்கற நுண்ணுயிரிகளுக்கும் அதுல பங்கு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. முடிவா எதுவும் தெரியாது. நீங்க ரொட்டியைக் குறைங்க, காய்கறி சாப்பிடுங்க, நடங்க."

கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி ஜூராவிடம் முறையிட்டார். "என் வயித்துல இருக்கறதெல்லாம் சோம்பேறிக் கிருமிடி!"

"குடியிருக்கற வீடு அப்படி" என்றாள் ஜூரா.

மறுநாள் முதல், அஸ்பெக் தின்பதையே அவரும் தின்றார். மதியம் அவன் புளித்த குதிரைப்பாலான குமிஸை இரண்டு கிண்ணம் குடித்தான், இவரும் குடித்தார். எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளை அவன் எட்டு எட்டாக விழுங்கினான். இவர் நல்லெண்ணத்தில் பத்தாக விழுங்கினார். வாரக் கடைசியில் சர்க்கரை பதின்மூன்று.

'புதுக் கிருமி குடியேற நாளாகும்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அதைத் துரிதப்படுத்த, அஸ்பெக் குடித்து வைத்த கிண்ணத்தை எடுத்து மிச்சத்தைக் குடித்தார்.

"அண்ணே, அது என் எச்சில்!"

"அதனாலதாண்டா குடிக்கறேன்."

அஸ்பெக் நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அன்று பிற்பகல், வாய்க்கால் கசிவைப் பற்றி மேலதிகாரி கூட்டம் நடத்தினார். மோமுன்பெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை எழுந்து ஓடினார்.

"நாம கசிவைத் தப்பான இடத்துல தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் மேலதிகாரி.

சர்க்கரை பதினான்கைத் தொட்டது. டாக்டர் வைத்த கெடுவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. மோமுன்பெக் மானத்தை மடித்து வைத்துவிட்டு, அஸ்பெக் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவன் வீட்டுக் கதவைத் தட்டினார். அவன் மனைவி கனிஷாய் திறந்தாள்.

"தங்கச்சி, உங்க குமிஸ் தோல்பையோட அடியில தங்கற புளிப்பு ஒரு கிண்ணம் குடும்மா. உன் புருஷனோட உத்தமக் கிருமியெல்லாம் அதுலேருந்துதான் வந்திருக்கணும்."

"எதுக்கு அண்ணே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஊசி என்ற இடத்தில் குரல் உடைந்தது. பதினான்கு என்ற இடத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

கனிஷாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே, அவருக்குச் சர்க்கரையே கிடையாது! விருந்துக்கு விருந்து நீங்க வோட்காவை ஊத்தி ஊத்திக் கொடுக்கறீங்களே, அதுலேருந்து தப்பிக்கத்தான் எங்கம்மாவோட மாத்திரை டப்பாவைப் பையில போட்டுக்கிட்டுத் திரியறாரு!"