சகலை கட்டிய மேஜை

வீட்டு நிலவறையில், மேஜைமேல் பூட்டியிருந்த தோட்டா ஏற்றும் பிரெஸ்ஸின் கைப்பிடியை ஆர்லோ பலங்கொண்ட மட்டும் கீழே அழுத்தினார். கைப்பிடி இறங்கவில்லை, மேஜைதான் எழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்ப, மேலே வரிசையாக நிறுத்தியிருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் கலகலவென்று உருண்டு, முன் ஓரத்தில் இருந்த ஓட்டை வழியாகத் தரையில் கொட்டின.

அந்த ஓட்டை ஒரு காலத்தில் பூட்டு இருந்த இடம். ஊர் சர்ச்சின் கூடத்தைப் புதுப்பித்தபோது தூக்கி எறிந்த கதவைத்தான் ஆர்லோ மேஜைப் பலகையாக்கியிருந்தார். கால்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாமென்று விட்ட வேலிக் கட்டைகள். ஆணிகள்கூடப் பழசு, சுத்தியலால் தட்டி நிமிர்த்தியவை.

"என்ன சத்தம்?" என்று மேலே சமையலறையிலிருந்து டெல்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு கெட்ட வார்த்தை?"

போன மாதம்வரை ஆர்லோவுக்கு மேஜை தேவைப்படவில்லை. டெல்மாவின் தங்கை மாக்ஸினைக் கட்டிய டுவைட்டின் கராஜில் அருமையான மேஜை ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் சகலைகள் இருவரும் அங்கே உட்கார்ந்து, சுட்டுத் தீர்ந்த கூடுகளில் புது வெடிமருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றி முடிக்கும்வரை டுவைட்டின் வாய் ஓயாது. அந்த மேஜையைக் கட்டின கதைதான் எப்போதும். காலை எப்படி அறுத்தேன், கனத்தை எங்கே வைத்தேன், போல்ட்டை எப்படி இறக்கினேன் என்று அதே பல்லவி.

ஒரு சனிக்கிழமை ஆர்லோவின் காபி, மருந்து நிறுக்கும் தராசின் மேல் கவிழ்ந்தது. அடுத்த சனிக்கிழமை டுவைட் கராஜ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே இங்க உனக்கு இடமில்ல, ஆர்லோ."

"காபி கொட்டினதுக்கா?"

"காரணமெல்லாம் கேக்காதே. வேணும்னா நீயே ஒரு மேஜை கட்டிக்க. அது என்ன பெரிய வித்தையா?"

அன்று ஏறிய சூடு இன்னும் தணியவில்லை. ஆர்லோவின் துப்பாக்கி அவருடைய அப்பா வைத்திருந்தது. அதற்கான தோட்டா மொன்டானாவில் எந்தக் கடையிலும் இப்போது வருவதில்லை. தானே ஏற்றினால்தான் உண்டு. வருகிற சனிக்கிழமை எல்க் மான் வேட்டைக் காலம் திறக்கிறது. தோட்டா இல்லையென்றால் மான் இல்லை. மான் இல்லையென்றால் பனிக்காலம் முழுக்க டுவைட் கொடுத்தனுப்பும் இறைச்சியைத் தின்ன வேண்டும். அதைவிட, வேலை நேரத்தில் கவுண்டி நிர்வாகத்தின் லாரியில் தான் சாலையிலிருந்து வாரித் தள்ளும் பனியையே அள்ளித் தின்னலாம் என்று ஆர்லோவுக்குத் தோன்றியது.

கடையில் ஆயத்த மேஜை ஒன்று வாங்கலாம்தான். 'கட்டத் துப்பில்லாம வாங்கிட்டான்' என்று டுவைட் ஊரெல்லாம் சொல்வான். சாகும்வரை சொல்வான்.

"நான் வேணா மாக்ஸின்கிட்ட பேசிப் பாக்கட்டுமா?" என்றாள் படியில் இறங்கி வந்த டெல்மா.

"அவளை எதுக்கு இழுக்கறே? பாவம், அந்த வாயோட குடும்பம் நடத்துறதே பெரிசு."

மேஜை ஆடியது. 'ஆடினா நீளமான காலைக் கொஞ்சம் அறு' என்பது டுவைட் வாக்கு. ஆர்லோ ஒரு காலை அறுத்தார். எதிர்க் கால் நீளமாகிவிட்டது. அதை அறுத்தார். பிறகு மூன்றாவது காலை அறுத்தார். மறுபடி முதல் காலுக்கு வந்து சேர்ந்தபோது ரம்பத்தை விட அவருடைய பல்தான் அதிகமாக நறநறத்தது. மாலைக்குள் மேஜை ஆடாமல் நின்றது. ஆனால் அதன் முன் உட்கார வேண்டுமென்றால் தரையில் சம்மணம் போட வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் டெல்மா. "நாய்க்குச் சாப்பாடு போடலாம்."

"நமக்கு நாயே கிடையாது."

"இதுக்காக ஒண்ணு வாங்கலாம்."

ஆர்லோ கொல்லையில் கிடந்த கான்கிரீட் கற்களைத் தூக்கிவந்து ஒவ்வொரு காலுக்கும் அடியில் அடுக்கினார். உயரம் சரியாகிவிட்டது. ஆட்டமும் திரும்ப வந்துவிட்டது.

'மேஜைக்குக் கீழே கனம் வேணும்' என்பது டுவைட்டின் அடுத்த வாக்கு. வாசல் படி கட்டியபோது மிஞ்சிய கான்கிரீட் கலவை மூட்டைகள் கராஜில் கிடந்தன. ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்துக் கீழே இறக்கி, கால்களுக்கு நடுவே ஒரு தட்டு அடித்து, அதில் அடுக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் கைப்பிடியை இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் மேஜை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றது. இயந்திரத்தின் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

"துணியை எப்படி உள்ள போடுறது?"

"ஒவ்வொண்ணாப் போடு."

"போர்வையை?"

"போர்வையை யார் துவைக்கச் சொன்னா?"

அன்றிரவு அவருக்குப் போர்வை கிடைக்கவில்லை.

மறுநாள் நட்டு போல்ட் விற்கும் கடையில், திருகாணி வரிசைக்கு நடுவில் டுவைட் எதிரே வந்து நின்றார். ஒதுங்க இடமில்லை.

"மேஜை எப்படி வந்திருக்கு?"

"கல்லு மாதிரி நிக்குது."

"கைப்பிடியை இழுக்கும்போது தூக்குதா?"

"சே, சே."

"முதல்ல எனக்கும் தூக்குச்சு," என்றார் டுவைட், பெருமூச்சு விட்டபடி. "அப்புறம்தான் சுவத்துல கொண்டுபோய்க் கட்டினேன். இவ்வளவு நீளத்துல நாலு போல்ட். இறக்கின பிறகு அசையணுமே."

"நான் உன்கிட்ட கேட்டேனா?"

"கேக்கல. சும்மா சொன்னேன்."

"உன் சும்மாவை உன் மேஜைலயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டு ஆர்லோ திரும்பி நடந்தார். டுவைட் வெளியே போகும்வரை பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் காத்திருந்து, அதே நீளத்தில் நான்கு போல்ட்டுகள் வாங்கிக்கொண்டு வீடு வந்தார்.

மேஜையை இழுத்து இழுத்துச் சுவரோரம் சேர்த்தார். மூன்று போல்ட்டுகள் ஒழுங்காகத்தான் இறங்கின. நான்காவதற்குத் துளை போட்டபோது சுவருக்குள் ஏதோ 'டப்' என்றது. அடுத்த கணம் தண்ணீர் பீறிட்டு அவருடைய மூக்கிலேயே அடித்தது.

"வால்வை மூடு," என்று டெல்மா மேலேயிருந்து கத்தினாள்.

வால்வு மேஜைக்குப் பின்னால் இருந்தது. ஆர்லோ மேஜையைப் பிடித்து இழுத்தார். போல்ட் போட்ட மேஜை அசையவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அது அசையவில்லை. குப்புறப் படுத்து அடியில் கையை விட்டார். கலவை மூட்டைகள் மறித்தன. ஆடைகளோடு குளித்தபடி அவர் டுவைட்டை, டுவைட்டின் அப்பாவை, டுவைட் படித்த பள்ளிக்கூடத்தை எல்லாம் வரிசையாகத் திட்டினார். கடைசியில் டெல்மா கூப்பிட்டு, ஊர்த் தண்ணீர்க்காரர் வந்து தெருவிலேயே அடைத்துவிட்டுப் போனார்.

சுவரைப் பிளந்து குழாயை ஒட்டும்வரை வீட்டில் தண்ணீர் இல்லை. டெல்மா பக்கத்து வீட்டில் குளித்தாள். ஆர்லோ குளிக்கவில்லை. குழாய் வேலை முடிந்து அவர் மேஜைப் பக்கம் வந்தபோதுதான் அடுத்ததைக் கண்டார். நனைந்த மூட்டைகள் தட்டிலிருந்து கூழாக வழிந்து, கான்கிரீட் கற்களையும் கால்களையும் தரையையும் சேர்த்துக் கவ்வி இறுகிப்போயிருந்தன. உளியை வைத்து அடித்தார். உளி வளைந்தது.

நொந்துபோய் அப்படியே நின்றார். அப்புறம் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பிரெஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. மேஜை ஒரு நூல்கூடத் தூக்கவில்லை. இன்னொரு முறை இழுத்தார். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெளியே யாரோ வண்டி நிறுத்தும் சத்தம் கேட்கும்வரை தோட்டாக்களை ஏற்றிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமைக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை. டுவைட் இதைப் பார்க்க வேண்டும். பார்த்து வயிறெரிய வேண்டும்.

படியில் இறங்கி வந்தது டுவைட் இல்லை, மாக்ஸின். பின்னாலேயே டெல்மா. மாக்ஸின் மரியாதைக்குக்கூட நலம் விசாரிக்கவில்லை. நேராக மேஜையருகே போய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். போல்ட்டுகளைத் தடவினாள். ஓட்டைக்குள் விரலை விட்டாள்.

"உன் புருஷன் வேவு பாக்க அனுப்பினானா?" என்றார் ஆர்லோ.

"இல்ல. நானாத்தான் வந்தேன். இது ஆடுமா?"

"இது ஆடுமாவா? பூகம்பம் வந்தா வீடு விழும், இது நிக்கும். போய் அவன்கிட்ட சொல்லு. அவன் கட்டினதை விட இது பத்து மடங்கு உறுதின்னு சொல்லு. ஒரு காபி கொட்டினதுக்கு மனுஷனை வாசல்லயே நிறுத்தினான் பாரு, அந்த வாய் இதைப் பாத்தா அடங்கும்."

"யார் கட்டினதை விட உறுதி?"

"டுவைட் கட்டினதை விட."

மாக்ஸின் அக்காவைப் பார்த்தாள். டெல்மா கூரையைப் பார்த்தாள்.

"அந்த மேஜையைக் கட்டினது நான், ஆர்லோ; உன்னை வரவேண்டாம்னு சொல்லச் சொன்னதும் நான்தான்," என்றாள் மாக்ஸின். "இன்னிக்குக் காலைல அந்த ஆளையும் கராஜை விட்டு வெளிய அனுப்பிட்டேன், தோட்டாப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு டிரக்ல உட்கார்ந்திருக்காரு, இதுல அவருக்கும் ஒரு ஓரம் குடுத்துடு."